ஐந்து கரைக்கு ஒரு ஹேஷ்

ஏழுபுளிப்பட்டியில் யார் பெரிய மனுஷன் என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஐந்து பேரைச் சொல்வார்கள். அந்த ஐந்து பேரில் யார் முதல் என்று கேட்பதாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. ஊரில் ஐந்து கரை. கரை என்றால் குளத்துக்கரை இல்லை, பங்காளிகள் சேர்ந்த கூட்டம். புளியடிக் காளி கோயில் திருவிழாவில் பொங்கல் வைத்து தீபாராதனை காட்டியதும், கரைக்கு ஒரு தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போனால் பூசாரி தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒரு தேங்காய் முடியைக் கொடுப்பார். தேங்காயைப் பார்க்காத ஜனங்களும் இல்லை, வீட்டுக்கு வீடு தோப்பு வைத்திருக்கிறவர்கள்தான். ஆனாலும் அந்த ஒரு முடி எத்தனையாவது ஆளின் கைக்குப் போகிறது என்பதற்காக இங்கே மண்டை உடைந்திருக்கிறது, அண்ணன் சாவுக்குத் தம்பி வராமல் இருந்திருக்கிறான்.

எழிலரசனுக்கு இந்த விவகாரத்தில் துளி அக்கறை கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே அக்கறை கல்யாணம். முப்பத்து நாலு வயதில் அவனுக்குப் பெண் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் போன வீடுகளிலெல்லாம் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பார்கள். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை என்பான். அப்படியென்றால் வேலை இல்லை என்று அவர்களாகவே புரிந்துகொண்டு மிக்சர் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கீரமங்கலத்துப் பிரகதீஸ்வரிதான் முதன்முதலாக, "எந்த லாங்வேஜ்?" என்று கேட்டாள். அவளுக்கும் அதே தொழில்தான். பெர்ல் என்று இவன் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் டம்ளரில் இருந்த காபி தரையில் சிந்தியது.

"அது இன்னும் உசுரோடவா இருக்கு?" என்றாள்.

எழிலரசன் அங்கேயே விழுந்துவிட்டான். பத்து வருஷமாக யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன கிழட்டு பெர்ல் ஸ்கிரிப்டுகளை ஒட்டுப்போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் அவன். அவன் வேலையைக் கேலி செய்கிற அளவுக்குப் புரிந்துகொண்ட முதல் மனுஷி அவள்.

கல்யாணம் திருவிழா முடிந்த அடுத்த வாரம், கீரமங்கலத்து மண்டபத்தில். அதில்தான் சிக்கல். ஊரில் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கிறவரைக்கும் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது, வீட்டில் நல்ல காரியம் செய்யக் கூடாது. காப்பு அவிழ வேண்டுமென்றால் ஐந்து கரையும் மரியாதை வாங்கி முடித்திருக்க வேண்டும். ஒருமுறை சண்டையில் திருவிழா பாதியில் நின்று, காப்பு மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அறந்தாங்கி ஏஜெண்டிடம் துபாய் விசா வாங்கி வைத்திருந்த ஒருவன், விசா செத்துப்போகிறவரை ஊருக்குள்ளேயே ஆடு மேய்த்தான். இந்தத் தடவை நின்றால் எழிலரசன் கதை அதைவிட மோசம். ஆனியும் போய் ஆடி வந்துவிடும். ஆடி முடிவதற்குள் அவன் ஜாதகத்தில் குருபலம் போய்விடும். குருபலம் போனால் பிரகதீஸ்வரியின் தாத்தா ஏற்கெனவே பெண் கேட்டு வந்த சிங்கப்பூர் மாப்பிள்ளையிடம் போய்விடுவார், இது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

சண்டை எப்போதும் பேர் கூப்பிடுகிற ஆளை வைத்துத்தான் ஆரம்பிக்கும். மைக்கைப் பிடித்தவன் ஒரு பேரை இழுத்துச் சொன்னான், இன்னொரு பேரை முழுங்கினான், பெரிய வீட்டுக் கரைக்கும் மேலக்கரைக்கும் நடுவில் வேண்டுமென்றே இருமினான் என்று புகார் வரும். இந்த வருஷம் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. வரிசை பழைய வரிசைதான், ஆனால் கூப்பிடுகிறவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று பேசி, நடுநிலையான ஆள் ஊரில் ஒருத்தரும் இல்லை என்பதை எல்லோரும் ஒற்றுமையாக ஒத்துக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர் கூப்புடட்டும். அதுக்கு அண்ணன் தம்பி கெடையாது" என்றார் அறிவுச்செல்வன். அவர் மேலக்கரைத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாத்தியார் சொன்னதை மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் ஊரில் எழிலரசன்தான். அவன் அப்பா அடைக்கலம் பெரிய வீட்டுக் கரையின் தலைவர், எப்போதும் முதல் மரியாதை வாங்குகிறவர். ஏற்கெனவே முதலில் இருக்கிறவனுக்கு மகன் புதிதாக என்ன தூக்கிக் கொடுத்துவிடப் போகிறான் என்று மற்ற நாலு கரையும் சம்மதித்தன.

அடைக்கலத்துக்கு முதல் என்பது ஒரு வியாதி. பந்தியில் முதல் இலை, பஸ்ஸில் முதல் சீட்டு, சாவு வீட்டில் முதல் மாலை. அவருக்கு முன்னால் காபி குடித்த குற்றத்துக்கு எழிலரசன் சின்ன வயதில் முதுகில் வாங்கியிருக்கிறான். சொத்தில் பாதி போய்விட்டது, முழங்கால் போய்விட்டது. திருவிழாவில் முதல் பேராகக் கூப்பிடப்படுவது மட்டும் மிச்சம் இருந்தது.

எழிலரசன் எழுதியது கொஞ்சம் வரிகள்தான். ஐந்து பேரை ஓர் அரேயில் போட்டான். அரே என்பது ரேஷன் கடை வரிசை. முதலில் நின்றவன் முதலில் வருவான், கடைசியில் நின்றவன் கடைசியில் வருவான், நடுவில் எவனும் புக முடியாது. அதை ஒரு லூப்பில் விட்டால் தலையிலிருந்து வால்வரை ஒவ்வொரு பேராக எடுத்து, லேப்டாப்புக்குள் இருக்கிற பெண்குரலிடம் கொடுக்கும். அவள் கோபதாபம் இல்லாமல் படிப்பாள். பூசாரி கட்டி முடித்ததும் எண்டரைத் தட்டினால் அடுத்த பேர். எல்லோரையும் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. கொல்லைக் கரைத் தலைவர் சிவசாமி மட்டும் ஒத்திகைக்கு வரவில்லை. "நான்தான் கடைசியாச்சே, அதுல ஒத்திகை பாக்க என்னப்பா இருக்கு" என்று போனில் சொல்லிவிட்டார்.

ஒத்திகையோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அறிவுச்செல்வன் வந்தார்.

"தம்பி, வெறும் பேராக் கூப்புட்டா வருகைப் பதிவு எடுக்குற மாதிரி இருக்குப்பா. பேருக்கு முன்னாடி ஒரு பட்டம் சேத்துக்க. கல்விச் செம்மல்னு போடு."

இது காற்றில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? நடுக்கரைத் தலைவர் ஆன்மிகச் சுடர் ஆனார். கீழக்கரைத் தலைவர் விவசாயப் புயல். அடைக்கலம், மகன்தானே என்று கூச்சமில்லாமல், கொடை வள்ளல் என்று போடச் சொன்னார். அவர் கோயிலுக்குக் கொடுத்தது ஒரு ஃபேன். இறக்கைக்கு இறக்கை பேர் எழுதியிருந்ததால், ஓடினால் படிக்க முடியாது என்று அதை யாரையும் போடவிடமாட்டார். சிவசாமியிடம் கேட்டதற்கு, "போர்வெல் சிவசாமின்னு போடு, அப்படிச் சொன்னாத்தான் நாலு பேருக்குத் தெரியும்" என்றார்.

பேரைச் சொன்னால் அதற்குரிய பட்டம் வர வேண்டும். அதற்கு பெர்லில் ஹேஷ் என்று ஒன்று இருக்கிறது. எழிலரசன் அரேயைத் தூக்கிவிட்டு ஹேஷைப் போட்டான். ஹேஷ் என்பது கோயில் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புக் குவியல். ஆள் வந்து நின்றால் அவனவன் ஜோடி அவனவனுக்குத் தப்பாமல் கிடைத்துவிடும். ஆனால் இதில் யார் செருப்பு முதலில் வந்தது என்று அந்தக் குவியலைக் கேட்டால் அதற்குத் தெரியாது. லூப் போட்டு எடுக்கச் சொன்னால் கைக்கு வந்ததை எடுத்து நீட்டும். அடுத்த தடவை ஓட்டினால் வேறு மாதிரி நீட்டும். பெர்லில் அது அப்படித்தான்.

இது எழிலரசனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், அதில்தான் பத்து வருஷமாகச் சோறு. ஆனால் அப்போது அவன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் இருந்தது, போனில் பிரகதீஸ்வரி இருந்தாள், முகூர்த்தப் புடவைக்கு மாம்பழக் கலர் எடுப்பதா மயில் கழுத்து எடுப்பதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கக் கூடாது என்று லேப்டாப்பின் சத்தத்தை அமுக்கிவிட்டு ஒருதடவை ஓட்டிப் பார்த்தான். எரர் வரவில்லை. எரர் வராவிட்டால் எல்லாம் சரி என்று நம்புகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். மூடியை மூடிவிட்டு மயில் கழுத்து என்றான்.

மறுநாள் உச்சி வெயில். ஆவூரிலிருந்து வந்திருந்த ஃபிரெடி சவுண்ட் சர்வீஸ்காரர் லேப்டாப்பில் ஒயரைச் செருகினார். மாதா கோயில் திருவிழாவுக்கும் காளி கோயில் திருவிழாவுக்கும் அதே பாக்ஸ்தான், பாட்டு மட்டும் வேறு. மரியாதை வாங்கியவர்கள், கடைசி ஆள் வாங்குகிறவரை பரிவட்டத்தோடு கோயில் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும் என்பது வழக்கம். கருங்கல் தரை, வெறுங்கால், வைகாசி வெயில். அடைக்கலம் புது வேட்டியில் முன்னால் நின்றார். பேர் வருவதற்குள்ளேயே வலது காலை ஓர் அங்குலம் தூக்கிவிட்டார்.

எழிலரசன் எண்டரைத் தட்டினான்.

"போர்வெல் சிவசாமி" என்றாள் லேப்டாப்புக்காரி.

அடைக்கலம் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சிவசாமி அந்த இடத்திலேயே இல்லை. கடைசி ஆளுக்கு என்ன அவசரம் என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். தன் பேரைக் கேட்டதும் ஊரில் இன்னொரு போர்வெல் சிவசாமியா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ போய்த் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேர் சொன்னால் கட்டுவது பூசாரியின் வேலை. அவர் வேறு எதையும் யோசிக்கிறவர் இல்லை. கையில் நுங்கோடு நின்றவர் தலையில் பரிவட்டத்தைக் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் ஃபிரெடியின் பாக்ஸ் தோற்றது. அடைக்கலம்தான் முதலில் சமாளித்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ தூசி. அவுருங்க அத. டேய், திருப்பி ஓட்டுடா."

திருப்பி ஓட்டுவது சுலபம். மேல் அம்புக் குறி ஒரு தட்டு, எண்டர் ஒரு தட்டு. எழிலரசன் தட்டினான்.

"கல்விச் செம்மல் அறிவுச்செல்வன்."

"இப்பச் சரியா இருக்கு" என்றார் அறிவுச்செல்வன், தலையைக் குனிந்துகொண்டே. அதற்குள் எழிலரசனுக்கு நேற்று எதைத் தூக்கிவிட்டு எதைப் போட்டான் என்பது ஞாபகம் வந்துவிட்டது. மைக்குக்கு வந்து, "நான்தான் தப்பாப் போட்டுட்டேன், ரெண்டு நிமிசம் கொடுங்க" என்றான். அது யார் காதிலும் ஏறவில்லை. அடைக்கலம் மறுபடி ஓட்டு என்றார். ஆன்மிகச் சுடர் வந்தார். மறுபடி ஓட்டு என்றார் அடைக்கலம். சிவசாமியே இன்னொருமுறை வந்தார், வந்த வேகத்தில் பெரிய கும்பிடாகப் போட்டு ஒதுங்கிக்கொண்டார். மறுபடி என்றார் அடைக்கலம். விவசாயப் புயல் வந்தார். ஒவ்வொரு தடவையும் அடைக்கலத்தின் வலது கால் ஓர் அங்குலம் எழுந்து, திரும்ப அந்தக் கொதிக்கிற கல்லில் இறங்கியது. பூசாரி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

நாலு கரையும் ஒருமுறை முதலில் வந்தாயிற்று. தான் முதலில் வந்த ஓட்டம்தான் உண்மை, மற்றதெல்லாம் மிஷின் கோளாறு என்று சிவசாமி தவிர மற்ற மூன்று பேரும் சத்தியம் பண்ணினார்கள். எழிலரசன் இன்னொருமுறை மைக்கைப் பிடித்தான்.

"இது ஹேஷுங்க. இதுக்கு வரிசைன்னு ஒண்ணு கெடையாது. அரேயா மாத்திட்டா பழைய வரிசையிலயே வந்துரும்."

"லேப்டாப்புல கைய வச்சே, கை இருக்காது" என்றது விவசாயப் புயல். முதல் ஆளாக நின்ற ருசியைக் கண்டுவிட்டவர்களிடம் போய்ப் பழைய வரிசை என்றால் யார் கேட்பார்கள்? பூசாரி துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க முடிவு பண்ணாம நான் காப்ப அவுக்க மாட்டேன்" என்றார்.

வழி சொன்னது சிவசாமிதான். அவருக்கு நுங்கு காய்ந்துகொண்டிருந்தது. "சூடம் ஏத்துவோம். அஞ்சு பேரும் அடிச்சுச் சத்தியம் பண்ணுவோம். இன்னும் ஒரே தடவ. எது வருதோ அதான் வரிசை, அப்பறம் வாயத் தெறக்கக் கூடாது."

நாலு கரைக்கும் இது பிடித்தது, ஒருமுறை முதலில் வந்து பெருமையைப் பார்த்துவிட்டவர்கள். அறிவுச்செல்வன் மட்டும் ஒரு விரலைத் தூக்கினார். வாத்தியார்கள் அந்த விரலை ஓய்வுபெற்றாலும் விடுவதில்லை.

"ஒரு வெவரம். இத்தன தடவ ஓட்டி பெரிய வீட்டுக் கரை ஒரு தடவகூட மொதல்ல வரல. இப்ப மட்டும் வந்துச்சுன்னா அது மகன் கைவேலைன்னுதான் நாங்க எடுத்துக்குவோம். சத்தியமும் கெடையாது, திருவிழாவும் கெடையாது."

அடைக்கலம் முதலில் போய்ச் சூடத்தில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினார். அதிலாவது முதல்.

எழிலரசன் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்ப் பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

"வரிசை வேணும்னா அரே போடணும். மொத செமஸ்டர்ல சொல்லிக்கொடுப்பாங்க" என்றாள்.

"தெரியும்."

"பைத்தான் லாங்வேஜ்ல போட்டிருந்தாகூடப் போட்ட வரிசையிலயே வந்திருக்கும்."

"இப்ப அதுவா பேச்சு? இன்னும் ஒரு தடவதான் ஓட்ட விடுவாங்க. எங்க அப்பா மொதல்ல வந்தா எல்லாம் முடிஞ்சுச்சு."

"அஞ்சுல ஒண்ணு" என்றாள். அவள் குரலில் கேலி போயிருந்தது. "அந்த ஒண்ணு வந்துருச்சுன்னா, எங்க தாத்தா சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னைக்கே போன் போடுவாரு. ஜாதகம் மேசை மேலதான் இருக்கு. அந்த மாப்பிள்ளை பைத்தான் வேற."

"அஞ்சுல நாலு நமக்கு நல்லதுதானே?"

"நீங்க பஸ்ஸுல போறப்ப டிரைவர் அஞ்சுல நாலு தடவ பிரேக் புடிக்கும்னு சொன்னா ஏறுவீங்களா?" என்றாள். பிறகு மெதுவாக, "நான் மயில் கழுத்து எடுத்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

திரும்பி வரும்போது எழிலரசன் அப்பாவைப் பார்த்தான். மற்ற நாலு பேரும் பந்தல் நிழலில் நின்றார்கள். அவர் ஒருவர்தான் வெயிலில், முதல் ஆள் நிற்கிற இடத்தில், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை வந்துவிடும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் வர வேண்டும் என்றுதான் நின்றார். எழிலரசனுக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஸ்கிரிப்டைத் திறந்து ஹேஷுக்கு மேலே ஓர் அரேயை எழுத ஆரம்பித்தான். முதல் இடத்தில் அறிவுச்செல்வன், வாயை அடைக்க அதுதான் வழி. அடுத்து கீழக்கரை, நடுக்கரை. நாலாவதாகச் சிவசாமி. அப்பாவை நடுவில் எங்கே செருகினாலும் மகன் கைவேலை என்பார்கள், கடைசியில் நிறுத்தினால்தான் யாரும் வாய் திறக்க முடியாது. கடைசியில் அப்பாவின் பேரைத் தட்டும்போது விரல் இரண்டு தடவை தவறான எழுத்தில் விழுந்தது. பெற்றவனைக் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்துகிறோமே என்று அவமானமாக இருந்தது. கல்யாணமும் வேண்டியிருந்தது. லூப்பை ஹேஷிலிருந்து எடுத்து அரேயின் மேல் ஓடவிட்டான்.

"என்ன தம்பி, பெருசா அடிக்கிறீங்க?" என்றார் ஃபிரெடி.

"செட்டிங்."

ஃபிரெடி ஒருகணம் அவனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி மைக்கில், "ஹலோ, ஹலோ, செக்" என்று தேவையே இல்லாமல் எண்ண ஆரம்பித்தார். எழிலரசன் சேமித்துவிட்டு எண்டரைத் தட்டினான்.

"கல்விச் செம்மல் அறிவுச்செல்வன்."

அறிவுச்செல்வன் போனார். கம்ப்யூட்டருக்கு அண்ணன் தம்பி கிடையாது என்று போகிற வழியில் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டே போனார். அடுத்து புயல், அடுத்து சுடர். சிவசாமியின் பேர் நாலாவதாக வந்ததும், அவர் ஓர் இடம் முன்னேறிவிட்ட வருத்தத்தில் நுங்கைக் கீழே வைத்துவிட்டுப் போனார். ஒருத்தர்தான் பாக்கி. இனி எந்தப் பேர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் எல்லோரும் பாக்ஸையே பார்த்தார்கள்.

"கொடை வள்ளல் அடைக்கலம்."

அவர் உடனே நகரவில்லை. தலையைத் திருப்பி எழிலரசனைப் பார்த்தார். அவன் லேப்டாப் திரையைப் பார்த்தான். அடைக்கலம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார், முழங்கால் வலியை வெளியில் காட்டாமல், முதல் ஆளாகப் போகிறவர் மாதிரியே நடந்தார். பூசாரி கட்டினார், மாலை போட்டார், தேங்காய் முடியைக் கொடுத்தார். வெடி வெடித்தது. அம்மன் கையில் இருந்த காப்பை அவிழ்த்தார்கள். "பெத்த அப்பன்னுகூடப் பாக்கல பாரு, மிஷின்னா மிஷின்தான்" என்று யாரோ சொன்னது எழிலரசன் காதில் விழுந்தது. அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அடைக்கலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். அம்மா உண்ணாமலை இலையில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, என்ன நடக்குமோ என்று அடுப்படி வாசலில் நின்றாள். அவர் சோற்றைத் தொடவில்லை. எழிலரசன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றார். "முன்னாடியெல்லாம் ஒரு தட்டு ரெண்டு தட்டு தட்டுன, பேரு வந்துச்சு. கடைசி தடவ மட்டும் ஏன்டா அம்புட்டு நேரம் தட்டுன?"

எழிலரசன் லேப்டாப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"வாத்தியானும் அதப் பாத்தான். அவன் பேரு மொதல்ல வரவும் பொத்திக்கிட்டான். கணக்கு வாத்தியாராச்சே." அடைக்கலம் தேங்காய் முடியைக் கையில் எடுத்து உருட்டினார். "நானும் பாத்தேன்."

"அப்பறம் ஏம்ப்பா நீங்க ஒண்ணும் சொல்லல? சூடம் அடிச்சிருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கனயே எல்லாத்தையும் நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தியிருக்கலாம். நீ காப்போட ஊருக்குள்ளயே ஒக்காந்திருப்ப. அந்தப் புள்ள சிங்கப்பூருக்குப் போயிருக்கும்." அவர் அவனைப் பார்க்காமல் தேங்காயையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஒனக்கு முப்பத்தி நாலு வயசாச்சுடா. போற வார எடத்துல எல்லாம், ஊருலயே கடைசியாக் கல்யாணம் ஆகுறவன் ஒம் மவன்தானான்னு கேட்டாங்க. அதுக்கு நான் எங்க போய் மொதல்ல நிக்கிறது? கடைசியாத் தேங்கா வாங்குனவன் அடைக்கலம்னு சொல்லிட்டுப் போறாங்க. போ."

எழிலரசன் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதை வேர்வை என்று துடைத்தான். உண்ணாமலை அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அடைக்கலம் ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துப் பாதத்தைத் தடவிப் பார்த்தார். நாலைந்து ஓட்டம் வெயிலில் நின்றதில் அது கொப்புளித்திருந்தது.

"ஆனா ஒண்ணுடா. கடைசியாப் போனா நிக்கவே வேணாம். கட்டுனான், வெடி போட்டான், அவுத்துட்டான். இத்தன வருசமா சிவசாமிப் பய இத வெளிய சொல்லாம இருந்திருக்கான் பாரு."

உண்ணாமலை சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்க இன்னொரு இலையை எடுத்து வந்து எழிலரசன் முன்னால் போட்டுச் சோறு வைத்தாள். அவன் தொடாமல் இருந்தான். அந்த வீட்டில் அவர் கை வைக்காமல் யாரும் கை வைப்பதில்லை. அடைக்கலம் தன் இலையைப் பார்த்தார், அவன் இலையைப் பார்த்தார்.

"நீ மொதல்ல சாப்புடு" என்றார்.

எழிலரசன் நம்பாமல் அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான். அந்தச் சோறு இறங்க வெகுநேரம் ஆனது. அது இறங்குகிறவரை காத்திருந்துவிட்டு, அடைக்கலம் தன் இலையில் கை வைத்தார்.

"கல்யாணப் பந்தியில மொத எலை எனக்குத்தான். அங்கிட்டும் கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு வந்துராத" என்றார், குழம்பை ஊற்றிக்கொண்டே.